வெற்றுத் தாளின் விலை

இங்கிலாந்தில் ஒரு குடும்ப மருத்துவரின் அறைக்குள் போனால், மேசையோரம் சாதாரண லேசர் பிரிண்டர் ஒன்று இருக்கும். அதன் தட்டு ஒன்றில் வெளிர்பச்சைத் தாள்கள். எஃப்.பி.10 என்று பெயர். அந்நாட்டுத் தேசிய சுகாதாரச் சேவையின் மருந்துச் சீட்டு. மருத்துவர் கணினியில் மருந்தைத் தேர்ந்தெடுத்து, அச்சிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மருந்துக் கடையில் அது செல்லும். அச்சாகும்வரை அதில் நோயாளி பெயரும் கிடையாது, மருந்தின் பெயரும் கிடையாது. திருட வருகிறவனுக்கு அந்த வெறுமைதான் வேண்டும். தூக்க மாத்திரையோ, மார்ஃபின் வகை வலி மருந்தோ, தெருவில் எது விலை போகிறதோ அதை அவனே எழுதிக்கொள்ளலாம்.

மருத்துவர் இரண்டு நிமிடம் பக்கத்து அறைக்குப் போனால் போதும். தட்டை இழுத்தால் பெரிதாகச் சத்தம்கூட வராது. பணப்பெட்டி உடைந்தால் தெரியும், மடிக்கணினி காணாமல் போனால் தெரியும். தட்டில் பத்துத் தாள் குறைந்தால் யார் கவனிப்பார்கள்?

இந்த வகைத் தாள் மருத்துவமனையோடு நிற்பதில்லை. வங்கிக் கிளையில் டிமாண்ட் டிராஃப்ட், வைப்பு ரசீது. பல்கலைக்கழகத்தில் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல். அமெரிக்க அலுவலகங்களில் சம்பளக் காசோலை, பிறப்புச் சான்று, கார் உரிமைப் பத்திரம். எல்லாம் ஏதோவொரு பிரிண்டர் தட்டில் அடுக்கப்பட்டு, அச்சாகும் நேரத்துக்காகக் காத்திருப்பவை. அங்கே காவலுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் கதவு.

காகிதத்தை வைத்துச் செய்யக்கூடிய மோசடி மூன்று வகை. நல்ல தாளைப் பார்த்துப் போலியாக இன்னொன்று செய்வது. எழுதிய தாளில் எழுத்தையோ தொகையையோ திருத்துவது. எழுதாத தாளைத் திருடி எழுதிக்கொள்வது. காகித அறிவியல் முதல் இரண்டுக்கும் அருமையான பதில்களை வைத்திருக்கிறது. மூன்றாவதன் முன்னால் அது கைகட்டி நிற்கிறது. தாளில் எவ்வளவு பாதுகாப்பு அம்சம் சேர்க்கிறோமோ, அவ்வளவும் திருடனுக்குச் சாட்சி சொல்ல வந்துவிடும் என்பதுதான் இதில் வேடிக்கை. அவன் கையில் இருப்பது அசல் தாளாயிற்றே.

முதலில் அந்த அம்சங்களைப் பார்த்துவிடலாம். அவற்றின் கெட்டிக்காரத்தனம் தெரிந்தால்தான் திருட்டு எவ்வளவு சுலபமான குறுக்குவழி என்பது புரியும்.

கடையில் வாங்கும் ஏ4 தாள் ஏன் அப்படி வெள்ளை வெளேரென்று இருக்கிறது? மரக்கூழின் இயல்பான நிறம் லேசான மஞ்சள். அதை மறைக்க, ஸ்டில்பீன் வகையைச் சேர்ந்த வெண்மையூட்டிகளைச் சேர்க்கிறார்கள். அவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை உறிஞ்சி, நீல ஒளியாகத் திருப்பி உமிழும். மஞ்சளோடு நீலம் சேர்ந்ததும் தாள் வெண்மையாகத் தெரிகிறது. சலவைத்தூளிலும் இதே குடும்பத்துப் பொருள்தான். துவைத்த வேட்டியைப் புற ஊதா விளக்கின் கீழே பிடித்தால் நீலமாகப் பளீரென்று மின்னும். பாதுகாப்புத் தாளில் இந்த வெண்மையூட்டியை வேண்டுமென்றே சேர்ப்பதில்லை. விளக்கின் கீழே அது மங்கலாகக் கிடக்கும். அந்த மங்கலின் மேல், ஒளிரும் மையில் அச்சிட்ட சின்னமோ இழைகளோ மட்டும் எழுந்து நிற்கும். கடைத் தாளில் என்னதான் நேர்த்தியாகப் போலி செய்தாலும், விளக்கைப் போட்டவுடன் தாள் முழுதும் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். நம்மூர்க் காசோலைகளுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த சி.டி.எஸ்.-2010 தரமும் இதைத்தான் கேட்கிறது: புற ஊதாவில் ஒளிராத தாள், அதில் கண்ணுக்குத் தெரியாத மையில் வங்கியின் சின்னம்.

அதே தரம் கேட்கும் இன்னொன்று 'வாய்ட்' பின்னணி. காசோலையை நகலெடுத்தால் நகலில் மட்டும் 'வாய்ட்' அல்லது 'காப்பி' என்ற சொல் தோன்றும்; அசலில் தெரியாது. மந்திரம் ஒன்றுமில்லை. நல்ல உருப்பெருக்கி ஒன்றை எடுத்துக் காசோலையின் வெளிர்நிறப் பின்னணி மேல் வைத்துப் பாருங்கள். வண்ணம் என்று நாம் நினைத்தது புள்ளிக் கூட்டம் என்று தெரியும். அந்தப் புள்ளிகளில் இரண்டு அளவு உண்டு. மறைந்திருக்கும் எழுத்தின் உடம்புக்குள் பெரிய புள்ளிகள், தள்ளித் தள்ளி. எழுத்துக்கு வெளியே மிக நுண்ணிய புள்ளிகள், நெருக்கி நெருக்கி. இரண்டு இடத்திலும் மை மூடியிருக்கும் பரப்பின் விகிதம் ஒன்றே என்பதால், கை தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் ஒரே சாயல். நகல் எந்திரத்துக்கு நுண்புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும் திறன் போதாது. அவற்றை வெள்ளை என்று முடிவுகட்டித் தள்ளிவிடும். பெரிய புள்ளிகள் தப்பிவிடும். ஆக, பின்னணி அழிந்து எழுத்து நிற்கிறது. எந்திரத்தின் பலவீனத்தையே பூட்டாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் சி.டி.எஸ். முறையில் வங்கிகளுக்குள் போவது காசோலை அல்ல, அதன் படம்தான். அந்தப் படத்தில் 'வாய்ட்' தெரிந்தால் எல்லாக் காசோலையும் திரும்பிவிடும். ஆகவே கடை நகலில் தெரிய வேண்டும், வங்கி ஸ்கேனில் தெரியக்கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே அச்சகத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள். புள்ளியின் அளவைத் தீர்மானிப்பவருக்கு அது சுகமான வேலையாக இருந்திருக்காது.

திருத்துவதைத் தடுப்பது வேதியியல். அசிட்டோனோ பிளீச்சோ தொட்டால் தாளுக்குள் இருக்கும் வேதிப்பொருள் வினைபுரிந்து கறை காட்டும். பேனா மை இழைகளுக்குள் ஊறிவிடும்; லேசர் டோனரின் கதை வேறு. டோனர் என்பது சில மைக்ரான் அளவுள்ள பிளாஸ்டிக் துகள். ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை சூடான உருளை அதை உருக்கித் தாளின் மேல் ஒட்டவைக்கிறது. உள்ளே ஊறுவதில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. சாதாரணத் தாளில் அச்சிட்ட எழுத்தின் மேல் பசை நாடாவை அழுத்தி உரித்தால் சில சமயம் எழுத்தும் கூட வரும். பாதுகாப்புத் தாளின் மேற்பரப்பில் டோனரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் பூச்சு இருக்கும். உரித்தால் தாளின் தோலும் சேர்ந்து கிழியும். நீர்க்குறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாள் ஈரக்கூழாக இருக்கும்போதே இழைகளை ஓரிடத்தில் மெலியவும் ஓரிடத்தில் திரளவும் விடும் இந்த வித்தை, இத்தாலியின் ஃபாப்ரியானோவில் 13ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது.

அமெரிக்காவில் இந்த அம்சங்களுக்குச் சட்டமே போட்டார்கள். குறைந்த வருமானத்தாருக்கான அரசு மருத்துவ உதவியான மெடிக்கெய்ட் திட்டத்தில் வரும் மருந்துச் சீட்டு, நகலெடுப்பதையோ அழித்துத் திருத்துவதையோ போலி செய்வதையோ, இந்த மூன்றில் ஒன்றையாவது தடுக்க வேண்டும் என்பது 2008 ஏப்ரல் 1 முதல். மூன்றையும் தடுக்க வேண்டும் என்பது அதே ஆண்டு அக்டோபர் 1 முதல். மூன்றும் உள்ள தாளைப் பெட்டியோடு திருடிக்கொண்டு போனால் என்ன செய்வது என்பதற்கு அந்த மூன்றிலும் பதில் இல்லை.

எல்லாம் அசலாக இருந்தும் மோசடியாக முடியும் என்பதற்கு வரலாற்றில் பெரிய உதாரணம் போர்ச்சுக்கல். ஆல்வெஸ் ரெய்ஸ் என்ற மனிதர், போர்ச்சுக்கல் வங்கியின் பெயரில் போலி ஒப்பந்தப் பத்திரங்கள் தயாரித்து, அந்த வங்கிக்கு உண்மையாகவே நோட்டு அச்சிட்டுக்கொண்டிருந்த லண்டனின் வாட்டர்லோ நிறுவனத்திடம் ஆள் அனுப்பினார். 1925இல், வாஸ்கோ ட காமா படம் போட்ட 500 எஸ்குடோ நோட்டுகள் லட்சக்கணக்கில் அச்சாகி வந்தன. அதே தாள், அதே அச்சுத் தகடு, அதே அச்சகம். சந்தேகம் வந்து நிபுணர்கள் சோதித்தபோது நோட்டில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. முடியாதுதான், குறை நோட்டில் இல்லையே. டிசம்பரில் போர்ட்டோ நகரில், ஒரே எண்ணுள்ள இரண்டு நோட்டுகள் கையில் அகப்பட்டன. அங்கேதான் குட்டு உடைந்தது. தாள் பொய் சொல்லவில்லை, எண்தான் காட்டிக்கொடுத்தது.

அதற்குப் பின் வங்கி அச்சகத்தின் மேல் போட்ட வழக்கு இன்னும் சுவாரசியம். வங்கிக்கு என்ன நஷ்டம்? புழக்கத்திலிருந்த அந்த நோட்டுகளை எல்லாம் திரும்பப் பெற்று, வேறு நோட்டு கொடுத்தாகிவிட்டது. புதிய நோட்டை அச்சிட்ட கூலிதான் நஷ்டம் என்றது அச்சகம். நோட்டின் முகமதிப்பே நஷ்டம் என்றது வங்கி. 1932இல், அந்நாளில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், வங்கியின் பக்கம் தீர்ப்புச் சொல்லி, 6 லட்சம் பவுனுக்கு மேல் இழப்பீடு கொடுக்க வைத்தது. அச்சடித்த தாளின் விலை காகிதச் செலவா, அது பெற்றுத்தரக்கூடிய தொகையா என்ற கேள்வி ஐந்து பெரிய நீதிபதிகளையே இரண்டாகப் பிரித்துவிட்டது. அலுவலகங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை; கொள்முதல் ரசீதில் பாதுகாப்புத் தாளும் 'ஸ்டேஷனரி' என்ற தலைப்பில்தான் வருகிறது, பென்சிலுக்கும் ரப்பருக்கும் பக்கத்தில்.

சரி, பிரிண்டருக்கு வருவோம். பூட்டுள்ள தட்டு விற்கிறார்கள், வாங்கிப் போடலாம். போட வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்தப் பூட்டு எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்று தெரிந்து போட வேண்டும்.

தட்டிலிருந்து ஒரு தாள் மட்டும் எப்படி மேலே போகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். ரப்பர் உருளை ஒன்று மேல்தாளை முன்னுக்குத் தள்ளும். அடியில் ஒட்டிக்கொண்டு வரும் இரண்டாவது தாளை, எதிரே இருக்கும் உராய்வுப் பட்டையோ எதிர்த்திசையில் இழுக்கும் இன்னொரு உருளையோ பிடித்து நிறுத்தும். தாளுக்கும் ரப்பருக்கும் இடையிலான உராய்வு, தாளுக்கும் தாளுக்கும் இடையிலான உராய்வைவிட அதிகம். அந்த வித்தியாசத்தில்தான் பெரும்பாலான அலுவலகப் பிரிண்டர்கள் ஓடுகின்றன. ஈரப்பதம் ஏறினாலோ, நிலைமின்னூட்டம் சேர்ந்தாலோ, வெட்டும்போது ஓரங்கள் நசுங்கி ஒன்றோடொன்று கொக்கி போட்டிருந்தாலோ அந்த வித்தியாசம் தோற்றுவிடும். இரண்டு தாள் சேர்ந்து வெளியே வரும். ஒன்றில் அச்சு இருக்கும், மற்றது வெற்றுத் தாள். பூட்டிய தட்டுக்குள் இருக்க வேண்டிய வெறுஞ்சீட்டு, பூட்டே இல்லாத வெளித்தட்டில், யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி வந்து விழுந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. தாளில் முன்பே அச்சிட்ட வரிசை எண் இருக்கும். கணினி தன் கணக்கில் அடுத்தது 4471 என்று நினைத்திருக்கும்; வந்திருப்பது 4472. அன்றிலிருந்து ஏட்டிலுள்ள எண்ணும் தாளிலுள்ள எண்ணும் ஒன்று தள்ளியே போகும். பிரிண்டருக்குத் தாளிலுள்ள எண்ணைப் படிக்கத் தெரியாது. கவனித்த ஊழியர் 'ரெண்டு தாளா வந்துடுச்சு' என்று எழுதி வைப்பார். அடுத்த முறை ஒரு தாள் உண்மையாகவே களவு போனாலும் அதே வாக்கியம் ஏட்டில் ஏறும்.

தாள் சிக்குவதும் அப்படித்தான். சிக்கிக் கசங்கிய சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவது அலுவலக வழக்கம். எண்ணுள்ள தாளில் அதைச் செய்யக்கூடாது. கசங்கியதை நேராக்கி, குறுக்கே கோடிட்டு, 'ரத்து' என்று எழுதி, எண்ணோடு கோப்பில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் காணாமல் போன ஒவ்வொரு தாளுக்கும் 'ஜாம் ஆகிடுச்சு சார்' என்ற ஒரே விளக்கம் போதுமானதாகிவிடும். இன்னொரு தொல்லை: சிக்கலை எடுக்கத் தட்டைத் திறக்க வேண்டும், திறக்கச் சாவி வேண்டும், சாவிக்காரர் விடுப்பில். இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாவது முறை சாவி பிரிண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். பூட்டை விற்றவர் இதற்குப் பொறுப்பேற்க முடியாது.

வேறு சில கசிவுகளும் உண்டு. முதல் தட்டில் ஏ4 தீர்ந்தவுடன், கேட்காமலேயே அடுத்த தட்டுக்குத் தாவும் பழக்கம் பிரிண்டர்களுக்கு இருக்கிறது. யாரோ ஒருவரின் ரயில் டிக்கெட் சான்றிதழ்த் தாளில் அச்சாகி வரும். தட்டின் தாள்வகைக்குத் தனிப் பெயர் கொடுத்து, தானாகத் தாவும் வசதியை அணைத்தால் இது நிற்கும். அச்சிட உத்தரவு கொடுத்தவர் பிரிண்டர் அருகே வந்து அட்டையைக் காட்டினாலோ ரகசிய எண்ணைத் தட்டினாலோதான் தாள் நகரும் என்று வைத்தால், வெளித்தட்டில் கேட்பாரற்றுக் கிடப்பதும் குறையும். இரண்டும் பல எந்திரங்களில் ஏற்கெனவே இருக்கிற வசதிகள். ஏன் பயன்படுத்துவதில்லை என்றால், அமைப்புப் பக்கத்தை யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

தட்டில் எத்தனை தாள் இருக்கிறது என்று பிரிண்டருக்குத் தெரியாதா? தெரியாது. தாள் அடுக்கின் மேல் படுத்திருக்கும் ஒரு நெம்புகோலோ அதுபோன்ற உணர்கருவியோ 'நிறைய', 'பாதி', 'குறைவு' என்று சொல்லும். ஒரு தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அதை அளக்கும் நுட்பம் அந்த நெம்புகோலுக்கு இல்லை. அச்சான பக்கங்களை எண்ணும் கணக்கு எந்திரத்துக்குள் உண்டு. ஆனால் கையால் உருவியது அந்தக் கணக்கில் வராது.

எடை போட்டுப் பார்த்தால்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏ4 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. சதுர மீட்டருக்கு 80 கிராம் தாள் என்றால் ஒரு தாள் 5 கிராம், 500 தாள் கட்டு 2.5 கிலோ. ஐந்து கிராமைக் காட்டும் தராசு மளிகைக் கடையிலேயே உண்டு. அப்படியானால் ஒரு தாள் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடலாமே? முடியாது. காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், விடும். தாளின் எடையில் சில சதவீதம் எப்போதும் நீர்தான். காலையில் குளிர்சாதன அறையில் எடை போட்ட கட்டு, ஏ.சி. நின்ற மழைநாளில் ஒரே ஒரு சதவீதம் ஈரம் கூடினால் 25 கிராம் ஏறிவிடும். அதாவது ஐந்து தாளின் எடை. திருடன் ஐந்து தாள் உருவியிருந்தால் தராசு எல்லாம் சரி என்றே சொல்லும். எண்ணித்தான் ஆக வேண்டும். அதற்குத்தான் வரிசை எண்.

அந்தக் கணக்கு எளிமையானது. தட்டில் வைத்தது எத்தனையோ, அது அச்சானதும் கெட்டதும் மிச்சமும் சேர்ந்த தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். எண்ணிக்கை மட்டுமல்ல, எண்களும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். மருந்துச் சீட்டுகளைக் காப்பதற்கான இங்கிலாந்தின் வழிகாட்டி, வேலை முடியும்போது கட்டில் மிச்சமிருக்கும் முதல் சீட்டின் எண்ணைக் குறித்து வைக்கச் சொல்கிறது. மறுநாள் காலையில் முதல் சீட்டின் எண் அதுவே என்றால் இரவில் யாரும் கைவைக்கவில்லை என்று பொருள். நல்ல யோசனைதான். ஆனால் விவரமான திருடன் மேலிருந்து எடுக்க மாட்டான். காசோலைப் புத்தகத்தில் கடைசி இலைகளைக் கிழிப்பதுபோல, கட்டின் அடியிலிருந்து உருவுவான். மேல் எண் அப்படியே இருக்கும். அடுக்கு தேய்ந்து அடிக்கு வரும்போதுதான் ஓட்டை தெரியும், அதற்குள் சீட்டு மருந்தாகி, மருந்து காசாகியிருக்கும். அதனால் மேல் எண்ணோடு கடைசி எண்ணையும் பார்க்க வேண்டும், இடையிலும் அவ்வப்போது புரட்டிப் பார்க்க வேண்டும். எஃப்.பி.10 எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் வரிசையில் ஓடாது. அது சரிபார்ப்பு இலக்கம், ஆதாரின் பன்னிரண்டாவது இலக்கத்தைப் போல மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. தெரியாமல் எண்ணுகிறவர், எண் தாண்டித் தாண்டிப் போகிறதே என்று பயந்துவிடக்கூடும்.

யார் எண்ணுவது? நம்மூர் வங்கிக் கிளைகளில் இதற்குப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. எழுதாத டிராஃப்டும் காசோலையும் ஸ்ட்ராங் ரூமில், ஜாயிண்ட் கஸ்டடியில் இருக்கும். இரண்டு அதிகாரிகள், இரண்டு சாவி. ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. அன்றன்றைக்கு வேண்டியதை எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்கி, சாயங்காலம் மிச்சத்தை எண்ணிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும். வேலியே பயிரை மேயும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு. கணினி வந்தபின் பல அலுவலகங்கள் பிரிண்டரை வாங்கின, இந்த வழக்கத்தை வாங்கவில்லை. தாள் நாளெல்லாம், இரவெல்லாம் தட்டிலேயே கிடக்கிறது.

திருட்டு நடந்துவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? இங்கிலாந்தில் பின்பற்றிய ஒரு வழி எனக்கு மிகவும் பிடிக்கும். சீட்டுகள் களவு போன மருத்துவர், அடுத்த இரண்டு மாதத்துக்குத் தன் மருந்துச் சீட்டுகளை ஒரு குறிப்பிட்ட நிறத்தில், பெரும்பாலும் சிவப்பு மையில், எழுதிக் கையெழுத்திடுவார். சுற்றியுள்ள மருந்துக் கடைகளுக்குத் தகவல் போய்விடும். அந்த மருத்துவரின் பெயரில் நீலக் கையெழுத்தோடு வரும் சீட்டு திருட்டுச் சீட்டு. நீர்க்குறியும் ஒளிரும் மையும் செய்ய முடியாததைப் பத்து ரூபாய்ப் பேனா செய்கிறது. காரணம், அந்தச் சிவப்பு தாளில் இருக்கும் அம்சம் அல்ல. தாளுக்கு வெளியே, மருத்துவரும் கடைக்காரரும் மட்டும் பகிர்ந்துகொண்ட செய்தி. திருடனால் தாளைத்தான் எடுக்க முடியும். அந்தச் செய்தி தட்டில் இல்லை.

தாள் திருட்டுக்கு இன்றுவரை வந்த உருப்படியான மருந்துகள் எல்லாம் இந்தப் பேனாவின் வம்சம்தான் என்பது என் கருத்து. 2008 ஜூலையில் மான்செஸ்டர் அருகே ஒரு வேனிலிருந்து 3,000 வெற்றுப் பாஸ்போர்ட்டும் விசாவும் திருடு போயின. உள்ளே உள்ள சில்லு காரணமாக அவற்றைப் பயன்படுத்த முடியாது என்று பிரிட்டிஷ் அரசு சொன்னது. எழுதப்படாத பாஸ்போர்ட்டானாலும் எண் உண்டு. இன்டர்போல் 2002இலிருந்து நடத்திவரும் திருட்டுப் பயண ஆவணப் பட்டியலில் அந்த எண்களை ஏற்றிவிட்டால், அதைச் சோதிக்கும் எல்லைச் சாவடியில் அந்தப் புத்தகம் மாட்டிக்கொள்ளும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் வந்த 'பாசிட்டிவ் பே' முறையும் இதே தர்க்கம். 50,000 ரூபாயோ அதற்கு மேலோ காசோலை கொடுப்பவர், அதன் எண், தேதி, பெறுபவர், தொகை ஆகியவற்றை வங்கிக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி அதைக் கட்டாயமாக்கலாம். தட்டிலிருந்து அசல் இலையைத் திருடி, அசல் போலவே கையெழுத்துப் போட்டாலும், சொல்லி வைத்த விவரம் ஒத்துப்போகவில்லை என்றால் வங்கி விழித்துக்கொள்ளும்.

இன்னும் ஒரு படி மேலே போனால், தாளுக்கு விலையே இல்லாமல் செய்துவிடலாம். இ-சேவை மையத்தில் வாங்கும் வருமானச் சான்றும் சாதிச் சான்றும் சாதாரண வெள்ளைத் தாளில் அச்சாகி வருகின்றன. நம்பகம் தாளில் இல்லை. மின்னணுக் கையொப்பத்திலும், எண்ணைத் தட்டினால் அரசுத் தளத்தில் வரும் பதிவிலும் இருக்கிறது. வெற்று ஏ4 தாளைத் திருட யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஆனால் இதிலும் முழு நிம்மதி இல்லை. கையொப்பமிட்ட தாளை எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம், எல்லா நகலும் செல்லும். வருமானச் சான்றுக்கு அது பரவாயில்லை. ஒரே முறை செல்ல வேண்டிய மருந்துச் சீட்டுக்கும் காசோலைக்கும் ஆகாது. அங்கே 'கொடுத்தாயிற்று' என்று ஒரு மையப் பதிவேட்டில் குறித்தாக வேண்டும். அதோடு, மின்னணுக் கையொப்பமிடும் அதிகாரியின் சாவி இப்போது பென்டிரைவ் போன்ற ஒரு டோக்கனில் இருக்கிறது. அதைக் கணினியிலேயே செருகிவிட்டுக் காபி குடிக்கப் போகிறவர்களுக்கு, பச்சைத் தாளைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போன மருத்துவரை நான் சிபாரிசு செய்வேன். அவருக்காவது போனது பத்துத் தாளோடு முடிந்தது.

மருந்துச் சீட்டும் இந்த வழிக்கே வந்திருக்கிறது. இங்கிலாந்தில் பெரும்பாலான சீட்டுகள் இப்போது மின்வழியாகவே கடைக்குப் போகின்றன. நியூயார்க் மாநிலம் 2016 மார்ச் 27 முதலும், கலிஃபோர்னியா 2022 ஜனவரி 1 முதலும், சில விலக்குகள் நீங்கலாக, மின்னணுச் சீட்டையே கட்டாயமாக்கின. ஆனாலும் இணையம் படுத்துவிட்ட நாளுக்கும், விலக்குக்குள் வரும் சீட்டுக்கும் தாள் வேண்டியிருக்கிறது. அதனால் தட்டில் ஒரு கட்டு இன்னும் கிடக்கிறது.

நாளைக்கு 25 சீட்டு போகும் தட்டில் நூறு தாள் வைத்திருந்து, அடியிலிருந்து ஒன்றை உருவினால் நான்காம் நாள் தெரிந்துவிடும். மாதத்துக்கு நான்கே சீட்டு போகும் தட்டில் அதே திருட்டு தெரியவர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். பயன்பாடு குறைந்த அலுவலகங்கள் செய்ய வேண்டியது, அந்த நூறையும் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, எண் குறித்த உறையில் பத்துப் பத்தாக ஒட்டி, பிரிண்டர் இல்லாத அறையில் இரண்டு சாவி உள்ள அலமாரியில் வைப்பது. இணையம் நின்றால் ஓர் உறையைக் கிழித்து, கிழித்தவர் பெயரையும் நேரத்தையும் அதன் மேலேயே எழுதிக்கொள்ளலாம்.